ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் நாலுமூலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விரிப்பின் நாலு மூலையும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும் அவருக்கு. ஒரு விரல் தள்ளிப் போனாலும் உதறிப் பிரித்து மறுபடி மடிப்பார். நோயாளி படுத்த நிமிஷமே கசங்கப் போகிற துணிக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், "கசக்குறது அவங்க வேலை, மடிக்கிறது நம்ம வேலை" என்பார். இதைவிட நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. ஒரு பக்கம் ஆளுயரத் துவைப்பு இயந்திரங்கள், நடுவில் துணி உலர்த்தும் பீப்பாய்கள், அதற்கப்பால் இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே துணியை இழுத்துத் தேய்த்து வெளியே தள்ளும் இஸ்திரி இயந்திரம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு எட்டுத் தள்ளி நின்று பேசினால் வாய் அசைவது தெரியும். பேச்சு வந்து சேராது. காதோடு காது வைத்துப் பேச வேண்டும், அல்லது பேசாமல் இருக்க வேண்டும்.

விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை அல்ல. இரு தலைப்பிலும் இருவர் நின்று, மூலைக்கு ஒரு கையாகப் பிடித்து, பட்டென்று ஓர் உதறு உதற வேண்டும். நின்ற இடத்திலேயே அகலத்தைப் பாதியாக்க வேண்டும். பிறகு இருவரும் நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். ஒருவர் தன் மூலைகளை மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் குனிந்து, கீழே தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். மறுபடி வந்து சேர வேண்டும். ஆக, ஒரு விரிப்புக்கு இரண்டு சந்திப்பு. எதிரே நின்று மடிப்பவருக்கு அந்தக் கூடத்து வழக்கில் எதிராளு என்று பெயர்.

நாலுமூலைக்குப் பல வருஷமாக எதிராளு ஒரு பெண். அவளுடைய பட்டப்பெயர் ரேடியோ. காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த ரேடியோவுக்கும் இல்லாத கட்டுப்பாடு அவளுக்கு இருந்தது. விரிப்பின் முதல் சந்திப்பில் ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள். இரண்டாவது சந்திப்பில் நாலுமூலை "ம்" என்பார். அடுத்த விரிப்பில் அடுத்த வாக்கியம். அவ்வளவுதான் நேரம், அதற்குள் அடங்கும்படி பேச்சை நறுக்கித் தருவாள். அவளுடைய நாத்தனார் வந்து போன கதை, நாத்தனார் உண்மையில் தங்கியிருந்ததைவிட அதிக நேரம் ஓடியது.

நாலுமூலையின் "ம்"மிலும் வகைகள் உண்டு. இழுத்தால் "அப்படியா". வெட்டிச் சொன்னால் "அது தப்பு". மூக்கு வழியாக வந்தால் சிரிப்பு. எந்த "ம்" எதற்கு என்று ரேடியோவுக்குத் தெரியும். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

இப்படித்தான் அவள் வீடு முழுவதும் இவருக்குப் பழக்கமாயிற்று. கீழே டயர் கடை. அங்கே காலையில் காற்றடிக்கும் இயந்திரத்தின் 'புஸ்' சத்தத்தில்தான் வீடே விழிக்கும். மாடிப்படிக் கைப்பிடி ஆடும். பச்சைக் கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். அடியில் ஓர் உதை விட்டால்தான் திறக்கும். பிரம்பு நாற்காலிக்குப் பின்கால் சரியில்லை. அவள் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாராவது குறுக்கே நடந்தால் வலது காலால் தரையில் பிரேக் போடுவார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். இவ்வளவும் நாலுமூலைக்குத் தெரியும். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அதற்கு ஒரு வாக்கியம் செலவழிக்க இருவருக்கும் தோன்றியதே இல்லை.

அவர் வீட்டைப் பற்றி ரேடியோவுக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல என்ன இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். ஒரு மாடி அறை, ஒரு கட்டில், ஒரு சன்னல். கல்யாணப் பேச்சு வந்த காலத்தில் அவருக்கு நேரம் இல்லை; நேரம் வந்த காலத்தில் பேச்சு வரவில்லை. தங்கை ஒருத்தி தூரத்து ஊரில் இருந்தாள். மாதம் ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, வேற என்ன என்று கேட்பாள். அந்த 'வேற என்ன' கேள்வி அல்ல. பேச்சு முடிந்தது என்பதற்கான மணி. அது அவருக்கும் தெரியும் என்பதால், "வேற ஒண்ணும் இல்லம்மா" என்று ஒழுங்காக வைத்துவிடுவார்.

தனியாக இருப்பவனுக்குப் பெரிய கஷ்டங்கள் பெரிதாக வருவதில்லை. சின்னக் கஷ்டங்கள்தான் கூட்டமாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. முதுகில் நடுவாக ஓர் இடம் இருக்கிறது, மேலிருந்தும் கை எட்டாது, கீழிருந்தும் எட்டாது. அரிப்பு அங்கே மட்டுமே வரும். அதற்காக நாலுமூலை ஓர் அடிக்கோல் வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பல்பு மாற்ற முக்காலியில் ஏறினால் முக்காலியைப் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே ஒரு காலை மேஜைமேல் வைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாற்ற வேண்டும். ரொட்டி எல்லாம் குடும்பத்துக்கென்றே சுட்டு விற்கிறார்கள். கடைசித் துண்டுகள் எப்போதும் அட்டையாகிவிடும்.

இரண்டு விஷயங்கள் அவரை நிரந்தரமாக அவமானப்படுத்தின. ஒன்று, ஒரு ஜாம் பாட்டில். ஆசைப்பட்டு வாங்கியது. சிவப்பு மூடி. துணி சுற்றித் திருகிப் பார்த்தார்; வெந்நீரில் கவிழ்த்துப் பார்த்தார்; கரண்டிக் காம்பால் தட்டிப் பார்த்தார்; கதவிடுக்கில் வைத்துத் திருகியதில் கதவுதான் கழன்றது. பாட்டில் அலமாரியில் உட்கார்ந்து, அவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்றொன்று அவருடைய சொந்தக் கட்டில் விரிப்பு. கடையில் ஒற்றைக் கட்டில் அளவு தீர்ந்துபோய், இரட்டை அளவு வாங்கும்படி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் அவர் கையில் புத்தகம்போல மடியும். இந்த ஒன்று மட்டும் மடியவே மடியாது. ஒரு தலைப்பை மோவாயில் இடுக்கி, மறு தலைப்பை முழங்காலால் சுவரில் அழுத்தி, சர்க்கஸ்காரன்போல நின்று மூலைகளைத் தேடுவார். கடைசியில் ஒரு மூட்டை வரும். அதைப் பெட்டிக்குள் திணித்து, நாலு மூலையும் வெளியே தெரியாதபடி மூடிவிடுவார்.

சுகங்களும் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சன்னல் வழியாக ஒரு வெயில் பட்டை உள்ளே வரும். முதலில் நாற்காலியின் காலைத் தொடும், பிறகு ஏறி இருக்கையில் உட்காரும். அது உட்கார்ந்து கொஞ்சம் சூடேற்றிய பிறகு, இவர் டீயோடு போய் அந்த இடத்தில் உட்காருவார். வாரத்தில் அவருக்கு வருகிற விருந்தாளி அதுதான்.

செய்தி இனிமேல்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளைக்குச் சற்று முன்பு, ரேடியோ ஒரு புதுக் கதையை ஆரம்பித்தாள்.

"ரெண்டு மூணு நாளா இவரு பரண்ல ஏறி ஏறி இறங்குறாரு அண்ணே."

"ம்?"

"கேட்டா, பழைய பேப்பரை அடுக்குறேங்கறாரு."

"ம்."

"எங்க வீட்டுல பேப்பரே வாங்குறதில்ல."

இதற்கு மூக்கு வழியாக ஒரு "ம்" வந்தது.

"நேத்து இறங்கும்போது ஒரு கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டாரு."

"ம்ம்..."

"நான் சும்மா விடுவேனா, அந்தக் கையைப் புடிச்சு முன்னாடி இழுத்தேன் பாருங்க, கையில..."

சங்கு ஊதியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. அந்த அமைதியில் மீதி வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச்சு விரிப்போடுதான் என்பது அவர்கள் இருவருக்கும் எழுதாத சட்டம். தவிர, ஒருவனைக் காக்க வைப்பதில் கதை சொல்பவருக்கு ஒரு தனி ருசி. "மீதி சாப்பிட்டு வந்து" என்று சிரித்துவிட்டுப் போனாள். துவைப்பு இயந்திரத்தின் ஓரமாகச் சோப்புத் தண்ணீர் தேங்கியிருந்த இடத்தில் அவளுக்குக் கால் வழுக்கியது. விழுந்தது ஆஸ்பத்திரிக்குள்ளேயே என்பதால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகும் அலைச்சல் இல்லை. வலது தோள்பட்டையில் விரிசல்.

அன்று மதியம் நாலுமூலை தலையணை உறைகளாகப் பார்த்து மடித்தார். அதற்கு எதிராளு தேவையில்லை.

மறுநாள், பாய்லர் அறையிலிருந்து ஓர் ஆளை எதிரே நிறுத்தினார்கள். நல்ல மனுஷர், கையும் சுத்தம். ஆனால் பாய்லர் அறையில் சன்னல் கிடையாது என்பதால் பொழுது போவது தெரியாமலே வேலை செய்து பழகியவர். முதல் விரிப்பின் முதல் சந்திப்பில் அவர் கேட்டார்:

"மணி என்னண்ணே?"

நாலுமூலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அடுத்த விரிப்பு.

"மணி என்னண்ணே?"

இப்படியே சங்கு ஊதும்வரை. வேலை நேரத்தின் ஒவ்வொரு நிமிஷமும் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒரு நாள் இவ்வளவு நீளம் என்பதை நாலுமூலை அன்றுதான் அறிந்தார்.

அந்த வாரக் கடைசியில் இன்னொரு விஷயம் நடந்தது. அவர் அறைக் குழாய் பல மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவர் இரண்டு தரம் வந்து, வாஷரை மாற்றி, அறையை வாடகைக்கு விட்டவரைத் திட்டிவிட்டுப் போயிருந்தார், சொட்டு நிற்கவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தவருக்கு ஏதோ குறைந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழாய் நின்றுவிட்டிருந்தது. யாரும் தொடவில்லை, தானாக. அவர் போய்க் குழாயின் முன்னால் நின்றார். விரலை வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. இதை உடனே ஒருவரிடம் சொல்லியாக வேண்டும்போல இருந்தது.

கூடத்துக்கு வரும் வழியெல்லாம் அதை ஒரே வாக்கியமாக நறுக்கி வைத்துக்கொண்டார். முதல் விரிப்பை உதறினார்கள், மடித்தார்கள், நடந்து வந்து சேர்ந்தார்கள்.

"எங்க வீட்டுக் குழாய்..."

"மணி என்னண்ணே?"

நாலுமூலை மணியைச் சொன்னார்.

சூப்பர்வைசர் அன்றைக்கே வந்து ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "அந்தம்மா இனிமே மடிப்புக்கு வராதுங்க. தோள் ஆறினதும் மேல் மாடி கவுன்ட்டர்ல உட்கார வைக்கப் போறாங்க. வார்டுக்குத் துணி எண்ணிக் குடுக்கிற வேலை. உட்கார்ந்த வேலைதான், நல்லது."

"நல்லதுதாங்க" என்றார் நாலுமூலை.

அவரை அரித்தவை இரண்டு. அந்தக் கையில் என்ன இருந்தது என்பது ஒன்று. குழாய் நின்றதை யாரிடம் சொல்வது என்பது மற்றொன்று. முதலாவது சின்னது என்று அவருக்கே தெரியும். இரண்டாவது அதைவிடச் சின்னது. ஆனால் அதைத்தான் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக அந்தப் பெண் பேசினாள், இவர் கேட்டார் என்றுதான் நினைத்திருந்தார். இப்போது பார்த்தால் குழாய், முக்காலி, ரொட்டி, வெயில் என்று தனக்குள்ளும் ஏதோ சேர்ந்து கிடக்கிறது. இன்று இல்லாவிட்டால் நாளை சொல்லலாம் என்று, அவர் அறியாமலே அவள் பேருக்கு எடுத்து வைத்தவை. இனி அந்த நாளை வரப்போவதில்லை. போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

அலுவலகத்தில் போய் விலாசம் கேட்டார். குமாஸ்தா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"எதிராளுங்க."

"ஏன், ஏதாவது தகராறா?"

"இல்லைங்க. எதிர்ல நின்னு மடிக்கிறவன்."

"மடிக்கிறதெல்லாம் உறவுல சேராதுங்க" என்று குமாஸ்தா விலாசப் பெட்டியை மூடினார்.

இஸ்திரி இயந்திரத்துக்குத் துணி ஊட்டுகிற பெண்ணிடம் ஜாடையாகக் கேட்டார். ஜாடை எல்லாம் அங்கே செல்லாது.

"என்ன நாலுமூலைண்ணே, ரேடியோ இல்லாம பொழுது போகலையா?"

"இல்லம்மா, உடம்பு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு..."

"உடம்புக்கென்ன, வாய் நல்லாத்தான் இருக்கும். பதினேழாம் நம்பர்ல ஏறிப் போவும். வீடு எங்கேன்னு யாருக்குத் தெரியும்? அது எங்களைப் பேசவிட்டாத்தானே கேக்குறதுக்கு."

பதினேழு. அது போதும். 'கடைசிக்கு முந்தின ஸ்டாப்புல நான் இறங்குறதுக்குள்ள கண்டக்டர் விசில் ஊதிடறான் அண்ணே' என்று ஒரு மழைக்கால விரிப்பில் ரேடியோ சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை, நாற்காலியில் வெயில் ஏறுவதற்குக் காத்திராமல் புறப்பட்டார். ஒரு வீட்டுக்கு முதல்முறை போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. கடைகள் திறக்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். ஜாம் பாட்டில் அவரைப் பார்த்தது. தன்னால் திறக்க முடியாததை, திறக்கத் தெரிந்த வீட்டில் கொண்டு சேர்ப்பது ஒரு வகையில் தர்மம்தான் என்று தேற்றிக்கொண்டு, துடைத்துப் பைக்குள் வைத்தார்.

கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நாலுமூலை ஓடிக்கொண்டே இறங்கினார். இடம் சரிதான். முதலில் கண்ட டயர் கடைக்கு மேலே மாடியே இல்லை, தகரக் கூரை. அடுத்த தெருவில் இன்னொரு டயர் கடை. பூட்டியிருந்தது. பக்கத்தில் குறுகலான படி. கைப்பிடியைத் தொட்டார்; ஆடியது. பழைய சிநேகிதரைத் தெருவில் கண்டாற்போல அவருக்கு முகம் மலர்ந்தது. மேலே பச்சைக் கதவு. அடிப்பக்கம் செருப்புத் தடங்கள் படிந்து கறுத்திருந்தது. தட்டினார். உள்ளேயிருந்து கதவின் அடியில் ஓர் உதை விழுந்தது. திறந்தது.

பனியனோடு நின்றவர் வீட்டுக்காரர்.

"யாருங்க?"

"சலவைக்கூடத்துலேருந்து. நாலுமூலைன்னு சொல்லுவாங்க."

"நீங்கதானா அது" என்று அவர் மேலும் கீழும் பார்த்தார். "வாங்க வாங்க. இந்தாம்மா, உன் எதிராளு வந்திருக்காரு."

கூடத்தில் பிரம்பு நாற்காலியை அவர் இழுத்துப் போட்டார். நாலுமூலை அதைச் சுற்றிக்கொண்டு போய் முக்காலியில் உட்கார்ந்தார்.

"அதுல உட்காரலாமே."

"பின்கால் ஆடுமுங்களே."

வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எப்படி உங்களுக்குத் தெரியும்?"

"சொல்லியிருக்காங்க."

"வேற என்னவெல்லாம் சொல்லியிருக்கா?"

பிரேக் விஷயம், பேப்பர் விஷயம், நாத்தனார் முன்னால் வேட்டி அவிழ்ந்த விஷயம் எல்லாம் நாலுமூலையின் மனக்கண்ணில் வரிசையாக வந்து நின்றன. "அவ்வளவுதாங்க" என்றார். விரிப்பைப்போலவே அந்தப் பொய்யும் மூலை பிசகாமல் வந்தது.

உள்ளேயிருந்து ரேடியோ வந்தாள். வலது கை துணித் தொட்டிலில் தொங்கியது. சலவைக்கூடத்து நீராவி இல்லாமல், தலையில் கட்டிய துணி இல்லாமல், யாரோ உறவுக்காரப் பெண்போல இருந்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் நாலுமூலை.

"இருக்கு அண்ணே" என்றாள் ரேடியோ.

அதோடு நின்றுவிட்டது. நாலுமூலை "ம்" என்றார். மின்விசிறி சுற்றியது. இருவரும் ஒரு வாக்கியம் சொல்லியாயிற்று. பின்னால் போகவும் இடமில்லை, குனிந்து எடுக்க மடிப்பும் இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாலுமூலை முழங்கால்மேல் வைத்தார். ரேடியோ தன் நல்ல கையால் புடவைத் தலைப்பைப் பாதியாக மடித்தாள், மறுபடி பாதியாக்கினாள். இத்தனை சத்தத்தில் பேசியவர்களுக்கு இந்த அமைதியில் வாய் திறக்கவில்லை.

"வீட்டுல இருக்கும்போது இவளை நிறுத்த முடியாது" என்று வீட்டுக்காரர் ஆச்சரியப்பட்டார். "உங்களைப் பார்த்ததும் கப்சிப்."

ஏதாவது செய்தாக வேண்டும் என்று நாலுமூலை பைக்குள் கைவிட்டு ஜாம் பாட்டிலை எடுத்து வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

வீட்டுக்காரர் அதை வாங்கவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல ஒரு சத்தமும் இல்லாமல் நின்றார். வலது கால் மட்டும் தரையில் அழுத்தமாக ஒரு பிரேக் போட்டது. ரேடியோ பாட்டிலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், நாலுமூலையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் தோள் வலித்தது. வலித்ததற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

"அண்ணே, அன்னிக்கு அந்தக் கையில இருந்தது இதுதான்."

"ம்?"

"இதே சிவப்பு மூடி. போன வாரம் டாக்டரு இவருக்குச் சர்க்கரைன்னு சொல்லி இனிப்பே தொடக் கூடாதுன்னுட்டாரு. அதைக் கதையில கடைசியா சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குள்ள விழுந்துட்டேன்."

"ஒரே ஒரு ஸ்பூனுதாங்க" என்றார் வீட்டுக்காரர், நாலுமூலையை நீதிபதியாக வைத்து.

"பாட்டில்ல பாதி காணோம்."

"ஸ்பூன் கொஞ்சம் பெருசு."

நாலுமூலைக்கு மூக்கு வழியாக வந்தது. பாதிக் கதை தெரிந்ததால் வந்த வினை என்று மன்னிப்புக் கேட்டு, பாட்டிலைத் திரும்ப எடுத்தார். "எப்படியும் திறக்கலைங்க இது. மூடி வரமாட்டேங்குது."

"குடுங்க" என்று வீட்டுக்காரர் வாங்கினார். அடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு, ஒரு திருகு. 'டொக்' என்றது. பரணில், இருட்டில், சத்தம் கேட்காமல் திறந்து பழகிய கை. ரேடியோ எட்டி அதைப் பிடுங்கி மேஜையின் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "போகும்போது அண்ணனோடயே போகும் இது."

கதை முடிந்துவிட்டது. மறுபடியும் மின்விசிறி. நாலுமூலை எழுந்து போகலாமா என்று யோசித்தார். சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. குழாய் நின்ற கதையை முக்காலியில் உட்கார்ந்தபடி, ஒருவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொல்ல அவருக்கு வரவில்லை.

அப்போது வீட்டுக்காரர் பால்கனிக் கொடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார். மேலாக ஒரு விரிப்பு. அதை எடுத்து, நடுவில் பிடித்து, சுருட்ட ஆரம்பித்தார்.

நாலுமூலையும் ரேடியோவும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"அய்ய, அதை இப்படிக் குடுங்க" என்றாள் அவள். "இவரு மடிச்சா மூட்டை அண்ணே. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள் முதலா மூட்டையிலதான் படுத்துக்கிடக்கிறேன்."

நாலுமூலை ஒரு தலைப்பைப் பிடித்தார். மறு தலைப்பின் ஒரு மூலை ரேடியோவின் இடது கையில். மற்றொரு மூலையை, அவள் வலது கைக்குப் பதிலாக, வீட்டுக்காரர் பிடித்தார். உதறினார்கள். பட்டென்ற சத்தம் வரவில்லை, ஏதோ ஒரு சத்தம் வந்தது. அகலத்தைப் பாதியாக்கினார்கள். நடந்து வந்து சேர்ந்தார்கள். நாலுமூலை பழக்கப்படி அவள் வாக்கியத்துக்குக் காத்தார்.

"நான்தான் ஓயாம பேசிட்டேன்" என்றாள் ரேடியோ. "உங்க வீட்டுல என்ன அண்ணே?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பின்னால் போக வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் குனிந்து மடிப்பை எடுத்தார். அவர்கள் பின்னால் போய், இரண்டாம் முறை வந்து சேர்ந்தபோது நாலுமூலை சொன்னார்:

"குழாய் தானா நின்னுடுச்சும்மா."

மூலைகள் சேரவில்லை. வீட்டுக்காரர் பக்கம் நாலு விரல் தள்ளி இருந்தது. நாலுமூலை பார்த்தார், உதறிப் பிரித்தார். "மறுபடி."

மறுபடி வந்து சேர்ந்தார்கள். ரேடியோ "ம்?" என்றாள். இழுத்துச் சொன்ன "ம்". அப்படியா என்று பொருள்.

"பல மாசமா சொட்டுச்சு, ரெண்டு தரம் ஆள் வந்து பார்த்தும் நிக்கலை."

"ம்ம்."

"ஒருத்தரும் தொடலை, காலையில பார்த்தா காய்ஞ்சு கிடக்கு."

"சில குழாய் அப்படித்தான்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க சும்மா இருங்க, மூலையைப் பாருங்க" என்றாள் ரேடியோ.

அந்த விரிப்பு அன்று பல முறை மடிந்தது. வீட்டுக்காரரின் மூலை ஒவ்வொரு தடவையும் ஓடிப்போயிற்று. நாலுமூலை ஒவ்வொரு தடவையும் உதறினார். முக்காலியைப் பிடிக்க ஆளில்லாத கதை, முதுகில் எட்டாத இடம், அட்டையாகிப்போகும் ரொட்டி, ஜாம் பாட்டிலுக்காகக் கழன்ற கதவு எல்லாம் ஒவ்வொரு வாக்கியமாக வந்தன. கதவு கழன்ற இடத்தில் ரேடியோவின் "ம்" மூக்கு வழியாக வந்தது. நாற்காலியில் வெயில் வந்து உட்காருவதைச் சொன்னபோது மட்டும் அவள் மூலைகளை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு பின்னால் போனாள்.

கடைசியில் ஒரு தடவை, தவறியோ என்னவோ, நாலு மூலையும் சரியாகச் சேர்ந்துவிட்டன. உதற ஒரு காரணமும் இல்லை. நாலுமூலை விரிப்பைக் கட்டிலில் வைத்துத் தடவினார். மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்காரர் போய் அலமாரியைத் திறந்தார். ஏற்கெனவே மடித்து அடுக்கியிருந்த விரிப்புகளிலிருந்து ஒன்றை உருவி, உதறிப் பிரித்தார்.

"இதுவும் சரியா மடிக்கலைன்னு நினைக்கிறேன்" என்றார்.

நாலுமூலை பஸ் ஏறியபோது பொழுது சாய்ந்திருந்தது. பையில் ஜாம் பாட்டில். வாசல்வரை வந்த ரேடியோ, கவுன்ட்டர் வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள்: "அங்க எல்லாம் மடிச்சே வந்துடும் அண்ணே, எண்ணுறதுதான் வேலை." அதற்கு அவர் "ம்" என்றார். அது எந்த வகையிலும் சேராத ஒன்று, அவளுக்குப் புரிந்திருக்கும். வீட்டுக்காரர் பின்னாலிருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கொடியில் துணி இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவை உதைத்துச் சாத்தினார்.

அறைக்கு வந்து விளக்கைப் போட்டார். குழாய் சொட்டவில்லை. அட்டையாகிக் கிடந்த ரொட்டித் துண்டில் ஜாம் தடவிச் சாப்பிட்டார், நன்றாகத்தான் இருந்தது. மூடியை இறுக்காமல் சும்மா பொருத்தி வைத்தார்.

மறுநாள் காலையில் கூடத்தில் பாய்லர்காரர் வழக்கம்போல மணி கேட்டார். இவர் சொன்னார். சொல்லிவிட்டு, இரண்டாவது சந்திப்பில், "நீங்க ரொட்டி வாங்கினா கடைசித் துண்டை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். பாய்லர்காரர் அதை நெடுநேரம் யோசித்தார். அடுத்த பல விரிப்புகளுக்கு மணியே கேட்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை நாலுமூலை தன் இரட்டைக் கட்டில் விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டார். எடுத்து வந்ததும் மோவாயில் இடுக்கவில்லை, சுவரில் அழுத்தவில்லை. மடிக்காமலே பைக்குள் போட்டு, மறக்காமல் இருக்கக் கதவருகில் மாட்டி வைத்தார்.